சுத்தமாக இருந்த திரை

கருவிப் பையை இன்று உதறினேன். தையலோரத்திலிருந்து பழுப்பு நிலக்கரித் தூள் கொட்டியது. உடனே, கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் சுரங்கப்பாதை வாசலை மறித்து நீ நின்றதுதான் ஞாபகம் வந்தது.

டவுன்ஷிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் அகச்சிவப்புக் கேமரா செய்யப் போனேன். நீ நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் தொழிலாளர் பாதுகாப்பு வேலைக்குப் போனாய். என் கேமராவின் உயிர், நகக்கண் அளவு வடிகட்டி ஒன்று. அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றின் இடைவெளியை மின்சாரத்தால் கூட்டிக் குறைத்தால், வேண்டிய அலைநீளம் மட்டும் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த விஷவாயு திரையில் கறுப்பாகத் தெரியும். "படம் காட்டியே பொழைக்கிறவன்டா நீ" என்று சிரிப்பாய்.

'தானே' புயல் சாய்த்த மரங்களை இன்னும் அள்ளி முடிக்காத சித்திரை அது. வாயு அளக்கும் மீட்டருக்குப் பதில் என் கேமராவை வைத்துப் பார்க்கும் சோதனை நாள். பெல்ட்டில் அடைப்பு எடுக்க தொழிலாளர்கள் நாலு பேர் சுரங்கப்பாதைக்குள் இறங்கத் தயாராக நின்றார்கள். திரையில் துளிக் கறுப்பு இல்லை. உன் காதோரம், "சுத்தமா இருக்கு, அனுப்பு" என்றேன்.

நீ அனுப்பவில்லை. "இருடா. அதோ பொகைஞ்சிக்கினு கெடக்குதே கரிமேடு, மொதல்ல அதக் காட்டு" என்றாய். திருப்பினேன். மேடு கண்ணெதிரே புகைந்தது; அதில் அந்த வாயு இல்லாமல் இருக்காது. திரை சுத்தமாக இருந்தது. ஏசி அறையில் சரிபார்த்த வடிகட்டி அது. வெயிலில் தகடுகளின் இடைவெளி மாறி, வேறு ஏதோ அலைநீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை.

"பெல்ட் நிக்குது, இன்னும் என்னய்யா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ரெண்டு நிமிஷங்க சார். கேமராவுல ஏதோ தெரியுதாம். மீட்டர் வச்சிப் பாத்துடலாம்" என்றாய், முகம் மாறாமல்.

நீ கயிற்றில் கட்டி இறக்கிய மீட்டர் பாதியிலேயே அலறியது. நாலு பேரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "சரி பண்ணிக்கினு வா. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னாய்.

சரி செய்தேன். இப்போது சூட்டுக்கேற்ப இடைவெளியைத் திருத்த, வடிகட்டியை ஒட்டியே வெப்ப உணரி இருக்கிறது. வாயைத்தான் அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனபோது பாடையைத் தூக்கியது அந்த நாலு பேர்தான். திரும்பும் வழியில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உங்க கேமரா இல்லாட்டி நாங்க ஏதுங்க சார்?"

யாரைத் தூக்கிக்கொண்டு போனோம் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்டா.