தகுண எந்தப் பக்கம்?

2025.07.08
இண்டைக்கும் அஸ்ஜத் வரல்ல. தம்பிக்காரன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான் என்று என் புருஷன் ஹுனைஸ் விடியவே சேர்ட் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். கிழமைக்கு இரண்டு தரம் புத்தளத்தில் இரத்தம் சுத்தம் பண்ணியே ஆகவேண்டும். ஒன்று தவறினாலும் கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது. இந்த மாதம் இப்போதே இரண்டு தவறிவிட்டது. பஸ்ஸில் அவரால் ஏலாது. அவருடைய ஆட்டோ வாசலில் சும்மா நிற்கிறது.
ஏன், நான் ஓட்டினால் என்ன?

2025.07.09
கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சைக்கிளே ஓடத் தெரியாத மனிசி!"
சிரிங்க மச்சான், நல்லாச் சிரிங்க.

2025.07.21
பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் ஆட்டோ பழகி இது ஆறாவது நாள். அவர் கதிரையில் இருந்தபடியே கத்துகிறார்: "கிளச்! கிளச்ச விடாத, ஃபஹ்மியா!" விட்டேன். பக்கத்து வீட்டு றோசமேரியின் வேலி போச்சு. அவளும் நானும் ஒரே கடற்கரை வாடியில் கருவாடு காயவைக்கிறவர்கள் என்பதால் தப்பினேன்.

2025.08.12
லைசன்ஸ் எழுத்துச் சோதனை பாஸ். நாற்பதுக்கு முப்பத்தாறு! அல்ஹம்துலில்லாஹ்.

2025.11.18
ஓட்டிக் காட்டுகிற ட்ரயலில் ஃபெயில். எண்ட கையாலேயே எழுத வெக்கமா இரிக்கி.
சோதனைக்கு வந்த ஐயாவுக்குச் சிங்களம் மட்டும்தான். எனக்குப் பயமில்லை. வாடியில் கேட்டுக் கேட்டுப் பழகின சிங்களம் இருக்கிறதே! பின் சீட்டில் ஏறி, "தகுணட்ட ஹரவன்ன" என்றார். திருப்பட்டாம். தகுண என்றால் தெற்கு. 'தகுணு ஹுளங்' என்று தெற்குக் காற்றுக்கு வாடியில் தினமும் சொல்கிற சொல்தானே! நான் போய்க்கொண்டிருந்தது மேற்கே கடலைப் பார்த்து. தெற்கு இடப்பக்கம். சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, என்ன அழகாக இடது பக்கம் திருப்பினேன்! ஐயா தலையில் கை வைத்துவிட்டார்.
வீட்டுக்கு வந்து சொன்னதும் றோசமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியேய், தகுண எண்டா சோத்துக்கைப் பக்கமும்தாண்டி!"
ஒரே சொல்லு, ரெண்டு அர்த்தம் — யாருக்குத் தெரியும்? அழுதேன். ஹுனைஸ் வீங்கின காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

2025.11.19
திரும்பவும் போவேன். அவ்வளவுதான்.

2025.12.16
பாஸ்! பாஸ்! பாஸ்!
அதே ஐயா. "தகுணட்ட" என்றதும் சோத்துக்கையைப் பார்த்தேன், பிஸ்மி சொல்லி வலது பக்கம் திருப்பினேன். எட்டுப் போட்டேன், ரிவர்ஸ் எடுத்தேன், ஒரு கம்பத்திலும் முட்டவில்லை. ஐயாவும் சிரித்துவிட்டார். றோட்டு ஓரத்திலேயே குதித்தேன், நாற்பத்து மூன்று வயதில். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

2026.01.06
இண்டைக்கு நானே கூட்டிப் போனேன். எங்கட குறிஞ்சிப்பிட்டியில் ஏறினதிலிருந்து பின் சீட்டில் ஒரே உபதேசம்: "மெதுவா… மாடு வருது… கோர்ன் அடி…" பாலாவிக்குக் கிட்டச் சத்தத்தைக் காணோம். யா அல்லாஹ்! கண்ணாடியில் பார்த்தேன்.
வாயைத் திறந்துகொண்டு நித்திரை. குறட்டை வேறு! என்னை நம்பி.
ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை. பத்து நிமிஷம் முந்தியே வந்துவிட்டோம், கொஞ்சம் தூங்கட்டும்.