பொறுப்பேற்க ஒருத்தி

ஜனவரி 16, 2023
இன்றும் வாய்தா. அரசு வழக்கறிஞர் விடுப்பாம். போன தடவை நீதிபதிக்குப் பல்வலி. முதலாளியம்மா வீட்டு வளையல்களை எடுத்தேன் என்று இந்த இலோயிலோ நகரச் சிறையில் அடைத்து ஏழு வருடம். இதுவரை ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை. முதலாளியம்மாவும் கனடா போய்விட்டாள்.

"ஒரு பல்லுக்கு ரெண்டு மாசம், தெல்மா. வாயில முப்பத்திரெண்டு இருக்கு, பாத்துக்கோ" என்றாள் பக்கத்துப் படுக்கை கொன்சிங். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 30
அரசு கொடுத்த வக்கீல் பாலமோஸ் வந்தாள். சின்னப் பெண். ஜாமீன் மனுவை நீதிபதி ஏற்றுக்கொண்டாராம். விசாரணையே இல்லாமல் இவ்வளவு காலம் வைத்திருந்தது தப்பு என்று எழுதியிருக்கிறாராம். பணம் கட்ட வேண்டாம். வெளியே ஒருவர் என்னைப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்றாள்.

சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. அப்புறம் அண்ணன், பாதிரியார், புருஷன் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.

பிப்ரவரி 14
அண்ணன் கையெழுத்துப் போட மாட்டான். நான் தப்பி ஓடினால் அவனைப் பிடிப்பார்களாம். எங்கே ஓடுவேன்? ஓடுவதற்கும் ஓர் இடம் வேண்டாமா?

கோயில் பாதிரியார் மாற்றலாகிப் போய்விட்டார்.

பிப்ரவரி 27
என் புருஷன் டோரோ, வேலை பார்க்கும் கப்பலிலிருந்து வக்கீலுக்குச் சொன்ன பதில்: "அதெல்லாம் முடிஞ்சு போன கதை."

முடிந்துபோனது. சரி.

மார்ச் 5
பார்வையாளர் என்று கூப்பிட்டார்கள். கம்பிக்கு அந்தப்பக்கம் மாரிஃபெ. டோரோ இப்போது வைத்திருக்கிறவள். என் மகள் ஜொவெலினை நான்கு வயதிலிருந்து வளர்க்கிறவள். இத்தனை வருடமாக மனசுக்குள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். நேரில் பார்த்தால், களைத்துப்போன ஒருத்தி. மடியில் ஒரு பொட்டலம் பான்சித் நூடுல்ஸ்.

"வக்கீல் போன் பண்ணாங்க மனாங். நான் போடறேன் கையெழுத்து." மனாங், அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

"எதுக்கு? பாவம் பாத்தா?"

"பாவமா! நானே பாவம்." பட்டென்று சொன்னாள். "அந்தாளு கப்பல்லேருந்து பேசி அஞ்சு மாசமாச்சு. பொண்ணு கேக்கறா, எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு. நான் பாத்திருந்தாத்தானே சொல்ல?"

நன்றி சொல்லவில்லை நான். ஏன் சொல்லவில்லை? பான்சித்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24
வெளியே.

கொன்சிங் கட்டிப்பிடிக்கவில்லை. "திரும்பிப் பாக்காமப் போடி" என்றாள். அவளுக்கு ஒன்பதாவது வருடம் நடக்கிறது. திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 18
மாரிஃபெயின் கடைக்குப் பின்னால் எனக்கொரு அறை. வாராவாரம் ஊர்த்தலைவர் அலுவலகத்தில் கையெழுத்து. அவளும் கூட வருகிறாள். ஜொவெலினுக்குப் பதினொன்று. என்னை "மனாங் தெல்மா" என்கிறாள், யாரோ பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது போல. "அம்மா"வென்று மாரிஃபெயைத்தான்.

அப்படி அவள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். சே!

மே 9
ஒரே மேஜையில் மூன்று பேர். மீனை யாருக்கு முதலில் வைப்பது என்று எனக்கும் மாரிஃபெக்கும் தினம் ஒரு தடுமாற்றம். ஜொவெலின் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துபோகிறாள். உள்ளே எழுபது பேரோடு படுத்திருந்தபோதுகூட நான் இப்படித் தனியாக இல்லை.

ஆகஸ்ட் 22
வழக்கு தள்ளுபடி. சாட்சி வரவே இல்லை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. குற்றம் செய்யவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. 'போகலாம்' என்றார்கள், அவ்வளவுதான்.

வாசலில் மாரிஃபெ சொன்னாள்: "இனிமே உங்களுக்கு நான் பொறுப்பில்ல மனாங்." சிரித்தாள். கண் மட்டும் வேறெங்கோ இருந்தது.

ஆகஸ்ட் 23
மோலோ பகுதியில் ஒரு சலவைக் கடையில் வேலை, தங்க இடமும் தருகிறார்கள். அவள் வீட்டில் அவள் இருக்கட்டும். எத்தனை நாள்தான் இடைஞ்சலாக இருப்பது? துணிகளைப் பையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24
காலையில் ஜொவெலின் பள்ளிச் சீருடையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். முதல் முறை. பையைப் பார்த்தாள்.

"போறீங்களா?"

"ம்."

"நீங்க வந்தப்புறம்தான் அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடறாங்க. முன்னாடியெல்லாம் கடையிலயே உக்காந்து அழுவாங்க." பையை மறுபடி பார்த்தாள். "நீங்க போனா அவங்களுக்கு யாரு இருக்கா?"

அவங்களுக்கு. என் மேல் பாசத்தால் கேட்கவில்லை. அது வலித்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பினேன். பிறகு பையைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினேன்.