நான் வந்ததும் எழுந்துவிடுகிறார்கள்

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் காட்டு நடையில் இன்றும் அதேதான். ஏற்றம் முடிகிற இடத்தில் மூன்று பேரும் பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து, பையை இறக்கி, ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். பாதித் தோல்கூட வரவில்லை. "வந்துட்டீங்களா அக்கா? அப்ப போலாமா?" என்று கேப்டன் எழுந்துவிட்டான். கூடவே என் வீட்டுக்காரரும் நாத்தனாரும்.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. இவருடைய அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவன். கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது, அவ்வளவுதான் தகுதி.

எனக்காகக் காத்திருந்தார்களாம். காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்கு ஓய்வு. நான் வந்து சேர்ந்தால் ஓய்வு முடிந்தது. அப்போ நான் எப்ப உட்கார்றது? இருப்பதிலேயே மெதுவாக நடப்பவளுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

ஆரஞ்சை நடந்துகொண்டே தின்றேன். கையெல்லாம் பிசுபிசுப்பு.

மார்ச் 10

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரே கூட்டம். வந்தவர்கள் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் மாட்டிப் பார்த்துக் கால் கடுக்க நின்றேன். கெண்டைக்கால் விண்விண் என்று தெறிக்கிறது.

ஆனாலும் அடுத்த ஞாயிறு போவேன். காட்டுப் பாதையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது. நடக்க எனக்குப் பிடிக்கும். அதிலும் இவரோடு நடக்க. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும்தான் இதை ஆரம்பித்தோம். அப்போது விசில் எல்லாம் இல்லை.

ஏப்ரல் 27

இவரிடம் சொல்லியே விட்டேன். "உனக்காகத்தானே நின்னோம்? அதுவும் தப்புன்னா என்னதான் பண்றது?" என்கிறார். மனிதருக்கு நிஜமாகவே புரியவில்லை. 'அவ இப்பத்தான் வந்தா' என்று அந்தக் கேப்டனிடம் ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு?

ஜூன் 15

வெயில். ஓடையில் வெறும் கல். நான் போய்ச் சேரும் முன்பே எழுந்து நின்றுவிட்டார்கள். உட்காரவே கூச்சமாகப் போய்விட்டது.

ஜூலை 20

மழை. வழுக்கல். அதெல்லாம் கிடக்கட்டும்.

டிசம்பரில் நீண்ட நடை போகிறோமாம். மலையைத் தாண்டி, கடற்கரை வரைக்கும், நான்கு நாள். கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதே மூச்சில் கேப்டன் சொல்கிறான்: "அக்கா, நீங்க லக்கேஜோட பஸ்ல வந்துடுங்களேன். உங்களுக்கும் சிரமம் இல்ல, எங்களுக்கும் நேரம் மிச்சம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார், கட்டினார், அப்படிக் கட்டினார்.

நான் என்ன மூட்டையா? பொட்டி படுக்கையோட ஏத்தி அனுப்புறதுக்கு? இந்த நடையை ஆரம்பிச்சதே நான்தான்யா! எங்கிட்டயேவா?

ஜூலை 21

இவருக்குக் காபியைக் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 24

இன்று யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து, அவர்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினேன். பாறை எனக்கே எனக்கு. ஆரஞ்சை நார்கூட விடாமல் உரித்து முழுதாகத் தின்றேன். அவர்கள் வந்தார்கள். கேப்டன் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததுதான் தாமதம், நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். "வந்துட்டீங்களா? போலாமா?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். இவர் திருதிருவென்று விழித்தார். கேப்டன் முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அரை மணியில் மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம். தனியாக உட்கார்ந்ததிலும் அப்படியொன்றும் சுகமில்லை. பேச ஆள் இல்லை.

டிசம்பரில் நடந்துதான் வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வேண்டுமானால் கேப்டனை ஏற்றி அனுப்பட்டும்.

அக்டோபர் 19

இலை கொட்டுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் மாடிப்படியை ஏறி ஏறி இறங்குகிறேன். கடையில் எல்லோரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகட்டும். இன்று நாத்தனாருக்கு நாலடி பின்னால்தான் வந்தேன்.

டிசம்பர் 14

இவர் பயணத்துக்கென்று புது ஷூ வாங்கியிருக்கிறார். புதுக் கண்ணாடியையே ஒரு வாரம் போட்டுப் பழகச் சொல்வோம், இதையும் போட்டு நடந்து பழகுங்கள் என்றேன். "கடையிலயே போட்டுப் பாத்துட்டேன்" என்றார். சொன்னால் கேட்கிற ஜாதியா?

டிசம்பர் 27, இரண்டாம் நாள்

விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது.

காலையிலிருந்து மூடுபனி. இவருக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பின்தங்கிவிட்டார். நான் முதல் தடவையாக முன்னால் போகிறவர்களோடு இருந்தேன். இடிந்த சுவர் ஒன்றின்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றோம், கதை பேசினோம். கேப்டன்கூட எனக்குப் பாதி பிஸ்கெட் கொடுத்தான். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் வளைவு திரும்பி நொண்டிக்கொண்டே வந்தார். "போலாமா?" என்றான் கேப்டன்.

நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். பை தோளில் இருந்தது. எப்போது மாட்டினேன்? சத்தியமாகத் தெரியவில்லை. இவர் தலை தெரிந்ததும் கை தானாக எடுத்திருக்கிறது.

சுவரில் உட்காரப் பாதி குனிந்தவர், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டார். அந்த நிமிர்தல் எனக்குத் தெரியும். வருஷம் முழுக்க நான் நிமிர்ந்தது அது.

சீ என்று ஆகிவிட்டது. யார்மேல் கோபப்படுவது இப்போது?

"இவரு இப்பத்தான் வந்தாரு" என்றேன். இருட்டுவதற்குள் விடுதிக்குப் போக வேண்டும் என்று கேப்டன் இழுத்தான். "அப்ப நீங்க போங்க. நாங்க வர்றோம்." பையை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். ஷூவையும் கழற்றிப் போட்டேன், உடனே எழ முடியாதபடி. நாத்தனார் முதலில் உட்கார்ந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், விசிலும்.

இவர் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. என் பையில் இருந்த கடைசி ஆரஞ்சைக் கொடுத்தேன். அதை உரித்தபடி, தலை நிமிராமல் கேட்டார்: "ஒவ்வொரு வாட்டியும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

"ஆமா" என்றேன். திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆரஞ்சுத் தோலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மெதுவாகத்தான் தின்றார். தின்று முடிக்கும்வரை யாரும் எழவில்லை.