வாசல் பக்கம் காய்ந்த கோட்டு

என் பொட்டுக்கார அம்மாவுக்கு,

நாளைக்கு உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. நீங்கள் போய் முப்பது நாள் அதற்குள் ஓடிவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்கும் சொல்லியாயிற்று. மாமா இரண்டு மாலை வாங்கிவந்து, குளிர்சாதனப் பெட்டியில் நீங்கள் தோசை மா வைக்கும் தட்டில் வைத்திருக்கிறார். ஒன்று உங்கள் படத்துக்கு. மற்றது அப்பாவின் படத்துக்காம்.

அந்த மாலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பரீட்சைச் செய்தி.

போன புதன்கிழமைதான் பிராங்பேர்ட்டில் என் ஆய்வேட்டுக்காகப் பேராசிரியர்கள் முன் நின்று வாதாடும் நாள். சாவுத் துடக்கு வீட்டுப் பிள்ளை போகலாமோ, நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேளன் என்றார் மாமி. நான் கேட்கவில்லை. காய்ச்சலோடும் தையல் மெஷினில் போய் இருந்தவரின் மகள் அல்லவா?

நான் ஆராய்ந்த அந்தச் சீனப் படம் ஞாபகம் இருக்கிறதா? நாம் இருவரும் பிறப்பதற்கு முன்னமே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆற்றோர ஊரில் ஒரு பெண். அவள் கணவனைப் படையாட்கள் வேலைக்கென்று பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் அவள் அவனுடைய பஞ்சுக் கோட்டை எடுத்து வெயிலில் காயப்போடுகிறாள். கடைசிக் காட்சியிலும் கோட்டு காற்றில் ஆடுகிறது, அவள் முகம் அசையாமல் இருக்கிறது, படம் முடிகிறது.

என் பேராசிரியர் இந்தப் படத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். அவருடைய வாதம் இதுதான்: அவளுக்குக் காலம் நின்றுவிட்டது. கோட்டைக் காயப்போடுவது அவளுக்குப் பூசை மாதிரி. ஆணுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வாழ்வே இல்லாத பொறுமைச் சிலையாக அவளை ஆக்கிவிட்டார் இயக்குநர், அது பெண்ணுக்குச் செய்த அநியாயம். எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் முதல் அத்தியாயத்தில் பயபக்தியோடு காட்டியிருந்தேன்.

நாம் சேர்ந்து அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் சோபாவில் இருந்து, கடைக்கு வந்த யாரோ ஒருவரின் காற்சட்டை விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். கீழே ஓடிய ஜெர்மன் எழுத்தை வாசிக்க ஏலாது என்று விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தீர்கள்.

"பிள்ளை, உந்தப் படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு விடு. மற்ற உடுப்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாலைதானே காயப்போடுறவள்? இந்தக் கோட்டை மட்டும் ஏன் முன்வாசலிலை கொண்டந்து போடுறாள்?"

"முன்பக்கம் வெயில் கூடவாக்கும்."

"விசர்க்கதை கதையாதை. முன்னுக்கு என்ன இருக்கெண்டு பார்."

பார்த்தேன். தெருவுக்கு எதிரே, அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் காவலகம். அவர்கள் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தக் கோட்டுத்தான். கடைசிக் காட்சியில் வாசற்காவலாள் அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆறு தடவை பார்த்தும் நான் அதைக் காணவில்லை.

"அவள் சும்மா காத்துக்கொண்டு இருக்கேல்லைப் பிள்ளை. 'என்ரை மனுசன் எங்கை?' எண்டு கேக்கிறாள்," என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஊரில் படையாட்கள் வந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு மூன்று வயது. இங்கே வந்த பிறகு ஒரு நினைவு நிகழ்வில், செத்தவர்களின் படங்களோடு அப்பாவின் படத்தையும் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். நீங்கள் மேடை ஏறினீர்கள். மாலையைக் கழற்றினீர்கள். படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

"கொண்டு போனவங்கள் சொல்லட்டும், பிறகு போடுறன்," என்றீர்கள்.

சனமெல்லாம் பார்த்தது என்று எனக்கு ஒரே வெட்கம். வீடு வரும்வரைக்கும் உங்களோடு பேசவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

பரீட்சையில் அந்தக் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல் போட்டேன். "முகத்தைப் பார்க்காதீர்கள், கோட்டு தொங்கும் கொடியைப் பாருங்கள்," என்றேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு நல்ல மனதோடுதான் பேசினார். அருமையான அவதானிப்பு, ஆனால் அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடுங்கள், உங்கள் சொந்த அவதானிப்பு என்று எழுதுங்கள், ஆய்வேட்டில் அம்மாவை ஆதாரம் காட்டினால் நன்றாக இராது என்றார்.

அடிக்குறிப்பில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இதை முதலில் கண்டவர் என் அம்மா, உடுப்புத் திருத்தும் கடையில் தையல் வேலை செய்பவர்.

"நான் கண்டது என்றால் அது பொய்," என்றேன். "நீங்களும் நானும் படித்துப் படித்துத் தவறவிட்டதை அவர் காற்சட்டை பிரித்துக்கொண்டே கண்டார். அடிக்குறிப்பு இருக்கும்." புள்ளியைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள், குறைக்கட்டும். நீங்கள் இருந்தால் "பாசோ?" என்று மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். ஓம் அம்மா, பாஸ்.

ஒன்று கேட்கட்டுமா? பேராசிரியர் சொன்னது முழுக்கப் பிழையா? அழைப்புமணி அடிக்கும்போதெல்லாம் கதவைத் திறக்குமுன் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்ப்பீர்களே, அது தபால்காரனுக்காகவா? ஒருத்தி கேட்டுக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கலாம் இல்லையா? இதை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை. இது உங்களுடைய விஷயம்.

இனி மாலைக்கு வருகிறேன். இன்று காலை மாமா இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா இருக்குமட்டும் அவவுக்காண்டி நான் ஒண்டும் கதைக்கேல்லை. இனியாவது அத்தானுக்கும் சேத்துச் செய்வம் பிள்ளை. சனம் என்ன சொல்லும்?"

"மாமா, அம்மாவைப் பொட்டோடையும் தாலியோடையும்தான் அனுப்போணும் எண்டு நிண்டது ஆர்? நீங்கள்தானே? ஒரு மாசத்துக்குள்ளை அப்பா எப்பிடிச் செத்தவர்?"

மாமா கதிரையில் இருந்துவிட்டார். கண்ணைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை அம்மா, அவருக்குக் களைத்துவிட்டது. எனக்கும் களைப்புத்தான். ஆனால் நமக்குக் களைத்துவிட்டது என்பதற்காக ஒரு மனிதரைச் செத்தவர் ஆக்க முடியாது.

நாளைக்கு அப்பாவின் படமும் மண்டபத்துக்கு வரும், மாலை இல்லாமல். சனம் உள்ளே வரும் வாசலுக்கு நேரே, எல்லார் கண்ணிலும் படும்படி அதை வைப்பேன். ஏன் மாலை இல்லை என்று கேட்பவர்களிடம், கொண்டு போனவர்கள் இன்னும் சொல்லவில்லை என்பேன். அவர்கள் சொல்லும்வரை அந்தப் படத்துக்கு மாலை ஏறாது, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. மாமா வாங்கிய மாலை வீணாகாது. இரண்டையும் உங்களுக்கே போடுகிறேன்.

இந்த முறை வெட்கப்படாமல் மேடையில் நிற்கப்போகும்
உங்கள் மகள்