அரை மணித்தியாலம் மட்டும்

கண்டி
02.09.2025

அன்புள்ள ஷஹ்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் ருஷ்தாவும் மாமியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தோடு என் போனையும் உன் தம்பி ஸிபானிடம் கொடுத்துவிட்டேன். நீ மகளையும் கூட்டிக்கொண்டு உன் உம்மா வீட்டுக்குப் போன அன்று, "ஒங்களுக்கு அந்த ஒன்லைன் சூது வேணுமா, நாங்க வேணுமா?" என்று கேட்டாய். நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை புசல்லாவையிலிருந்து ராக்கம்மா என்று ஒரு வயதான அம்மா நான் மருந்து கொடுக்கும் பாமசிக்கு வந்தார். பிரஷர் குளிசைக்கு டொக்டர் எழுதிய துண்டோடு. திறந்திருந்த மேசை லாச்சிக்குள் என் போனில் சூதுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கண் அதில் இருக்க, சீனி வருத்தக் குளிசையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் மருந்துத் தட்டை அடுக்கும்போதுதான் விளங்கியது. அவருடைய டெலிபோன் நம்பர் இல்லை. பஸ் ஏறி, அவர் சொல்லியிருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய் லயம் லயமாக, வரிசை வீடுகளில் எல்லாம் விசாரித்தேன். விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஷஹ்மா. அதுதானே என் தொழில்.

"சோறு தின்னுட்டுப் போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன் தம்பி" என்றார் ராக்கம்மா. சரியான குளிசையைக் கொடுத்து, மருந்து மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தேனே என்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

நாளுக்கு அரை மணித்தியாலம் மட்டும் என்று உன்னிடம் சத்தியம் பண்ணியவன் நான். போனை நீயே வைத்துக்கொள்.

உன் நபீல்

~

கடுகண்ணாவை
04.09.2025

அன்புள்ள உங்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அந்த அம்மாவை அல்லாஹ் காப்பாற்றினான். பாமசி முதலாளியிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதற்கு முன் இரண்டு தரம் அந்தச் சூது விளையாட்டைப் போனிலிருந்து அழித்தீர்கள், இரண்டு தரமும் திரும்ப எடுத்தீர்கள். அதனால் சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது. ஆனால் நான் கேட்காமல் நீங்களாக உண்மை சொன்னது இதுதான் முதல் தரம்.

போன் என் அலுமாரியில் இருக்கிறது. "வாப்பாட போன் வந்திட்டு, வாப்பா எப்ப வருவார்?" என்று ருஷ்தா கேட்கிறாள். எந்த நாளும் கடைச் சோற்றையே சாப்பிடாதீர்கள்.

ஷஹ்மா

~

கண்டி
15.09.2025

அன்புள்ள ஷஹ்மா,

முதலாளியிடம் சொன்னேன். ஏசினார். இப்போது பின்னறையில் மருந்துப் பெட்டி அடுக்குகிறேன். பதின்மூன்று நாள் ஆயிற்று. முதல் கிழமை பஸ்ஸில் பக்கத்து ஆளின் போனை எட்டி எட்டிப் பார்த்தேன். இப்போது அது இல்லை. எனக்கு என் மேல் பிடி கிடைத்துவிட்டது.

ஸிபானிடம் போனைக் கொடுத்துவிடு. போனைத் தூரத்தில் வைத்துவிட்டு நல்லவனாக இருப்பதில் என்ன கெட்டித்தனம்? கையில் வைத்துக்கொண்டே விளையாடாமல் இருக்க வேண்டும். மிஞ்சிப் போனால் ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம். அவ்வளவுதான். பயப்படாதே.

உன் நபீல்

~

கடுகண்ணாவை
18.09.2025

அன்புள்ள உங்களுக்கு,

போனை அனுப்ப மாட்டேன். ஏன் என்று எழுத மூன்று நாளாகத் தைரியம் வரவில்லை.

உங்களை எங்களிடமிருந்து பறித்த சாமான் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஒரு நாள் அதைத் திறந்தேன். ஒரு தரம் சுற்றினேன். வென்றது. அதற்குப் பிறகு உம்மா தொழ நின்றாலே என் கை அலுமாரிக்குப் போய்விடும். எனக்கும் ஐந்து நிமிஷம்தான் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஐந்தே நிமிஷம் என்றுதான் தொடங்குவேன்.

நேற்று ருஷ்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகவில்லை. மறந்தே போனேன். ஏழு வயதுப் பிள்ளை கண்டி ரோட்டைத் தனியாகக் கடந்து, ரயில் பாதை ஓரமாகவே நடந்து வந்திருக்கிறாள். கதவடியில் நின்று, போனில் மூழ்கியிருந்த என்னை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. "உம்மா, நீங்களும் வாப்பா மாதிரியே இரிக்கிறீங்க" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

உங்களை எத்தனை ஏச்சு ஏசினேன்! மன்னித்துக்கொள்ளுங்கள். இரவே ஸிபானிடம் எல்லாவற்றையும் சொல்லிப் போனையும் கொடுத்துவிட்டேன். அந்தச் சூதுக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள் வந்துதான் மூட வேண்டும் என்கிறான். நாளை ஜும்ஆ முடிந்ததும் ரயில் ஏறுங்கள். ஸிபானின் முன்னால் இருவரும் உட்கார்ந்து மூடுவோம். அரை மணித்தியாலமும் வேண்டாம், ஐந்து நிமிஷமும் வேண்டாம்.

பிறகு இங்கேயே தங்குங்கள். எனக்கு என்னோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஷஹ்மா