கூலர் வைத்த அறை

கோட்டைப்பட்டினம்
வியாழன், அசர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மச்சான் சிராஜுக்கு, உங்கள் ஃபர்ஹானா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் அங்கே நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் அக்கா பாசிலா மைனி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் அனுப்பினால் கேம்பில் பத்துப் பேர் நடுவில் கேட்பீர்கள். இது நீங்கள் தனியாக இருந்து படிக்க வேண்டியது. உங்கள் கேம்புக்குத் திரும்ப நாளை ஃபிளைட் ஏறும் அஸ்வர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவை, உங்கள் அத்தாவை, அடக்கம் செய்து இன்றோடு இருபத்திரண்டு நாள். புருஷனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவுக்கு மாமி, மாமா கிடந்த அதே அறையில்தான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை லுஹர் தொழ எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. "இத்தாவுல இருக்கவங்களத் தெருவுல எறக்குறதா?" என்று மைனி வாசலை மறித்தார். "மௌத்தானப்புறம் எறக்கவா?" என்று கேட்டுவிட்டேன். பெரிய வார்த்தைதான், மன்னியுங்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டிரிப்ஸ் ஏற்றிய டாக்டர் திலகவதி அறையைப் பற்றிக் கேட்டார். ஜன்னலை அடைத்துக் கூலர் ஓடுகிறது என்றேன். "துணி காயுதா?" என்றார். கொடியில் போட்ட துண்டு மூன்று நாளாக ஈரம் என்றேன். "துண்டே காயலைன்னா வேர்வை எப்படிம்மா காயும்? வேர்வை காஞ்சாத்தான் உடம்புச் சூடு எறங்கும். கடலோரக் காத்துல ஏற்கெனவே ஈரம். ரூமை அடைச்சு அதுக்குள்ள கூலரையும் ஓட்டுனா, இட்லிச் சட்டிக்குள்ள ஆளை வச்ச மாதிரி" என்றார். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். மாமியை நினைத்து அல்ல, மச்சான்.

மாமாவுக்கென்று நீங்கள் அனுப்பிய கூலர் வந்த அன்று வீடியோவில், "ஜன்னலை நல்லா அடைச்சிரு, குளிர் வெளிய போயிரும்" என்றீர்கள். ஏசி அறையில் இருக்கும் உங்களுக்கு அப்படித்தானே தோன்றும். எனக்கும் தெரியவில்லை. இடுக்கிலெல்லாம் பழந்துணியைச் செருகினேன். வெயில் ஏறியதும் மீன் கம்பெனி ஐஸை வாங்கி உடைத்துக் கூலர் தண்ணீரில் போட்டேன். முதலில் சிலுசிலுவென்று இருந்தது. பிறகு தலையணை நனைந்தது, சுவரில் தண்ணீர் வழிந்தது. அறை குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், நாசமாய்ப் போன புத்தி.

மாமா வாதத்தில் பேச்சிழந்த மனுஷன். கடைசி இரண்டு நாளும் இடது கையைத் தூக்கி ஜன்னலையே காட்டினார். உங்களைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, "சிராஜ் பெருநாளைக்கு வந்துருவாக மாமா" என்று சொல்லிச் சொல்லி அந்தக் கையை இறக்கிவிட்டேன். அவர் காற்றைக் கேட்டிருக்கிறார். ஹார்ட் நின்றுவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னோம். நீங்கள் சொன்னது பாசத்தில். அடைத்தது என் கை. மறுமையில் இதற்குக் கேள்வி உண்டென்றால் என்னிடமே கேட்கப்படட்டும்.

வீடு திரும்பியதும் ஜன்னலைத் திறந்து கூலரை நிறுத்தினேன். மறுநாளே மைனி அடைத்துவிட்டார். தெரு பார்க்குமாம். திரை போடுகிறேன் என்றேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன். மறைவு இருந்தால் போதும், காற்றை அடைக்க மார்க்கம் சொல்லவில்லை என்று சொல்லி அனுப்பினார். மைனி கேட்டால்தானே! "தம்பி ஆசையா அனுப்புனது. அத்தா கடைசி வரைக்கும் அதுலதான் சொகமாக் கெடந்தாக" என்கிறார். உங்களுக்குச் சொல்லாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்? நேற்று போனில் ஜன்னல் பேச்சை எடுத்ததற்கு, "அக்கா சொல்றதக் கேளு" என்று நீங்களும் வைத்துவிட்டீர்கள்.

இன்று காலையிலும் மாமிக்குத் தலை சுற்றல். கழுத்தெல்லாம் வேர்க்குரு. கூலரை நிறுத்தப் போனால், "என் மகன் அனுப்புனது, ஓடட்டும் புள்ள" என்று என் கையைப் பிடிக்கிறார். பிடித்த கை வேர்வையில் வழுக்குகிறது.

படித்ததும் அழுவீர்கள். அழுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போட்டு, ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள், பரவாயில்லை. அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். உங்களுக்கு அம்மாவையாவது மிச்சம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்திருக்கும்
ஃபர்ஹானா