பிடிப் பக்கம்

மார்ச் 4, திங்கள்
பலெர்மோ மாநகரின் தலைமைச் சவரக்காரரும், சக்கர நாற்காலிப் படையின் தளபதியும், மல்லாகம் பெற்ற மாமணியுமாகிய சோதிலிங்கம் எழுதுவது: இன்று எனக்குச் சொத்துக் கிடைத்தது.

சிஞ்ஞோர் கலோஜெரோவைக் குளிப்பாட்டி, தாடி வழித்து, கஞ்சி மாதிரி ஒன்றைப் பருக்கி முடித்தேன். நான் பார்க்கிற கிழவர் அவர். அலுமாரியின் அடித்தட்டைத் திறக்கச் சொன்னார். ஒரு கம்பளிச் சொக்ஸ். அதற்குள் றிவோல்வர். அவருடைய அப்பப்பா பிரான்காச்சோவில் எலுமிச்சந்தோட்டம் காவல் காத்தபோது இடுப்பில் செருகியிருந்ததாம். சுட்டது முழுக்கக் காகம்தானாம். அதிலும் பாதி தப்பிவிட்டதாம்.

இரும்பின் கறுப்புப் போய்ச் சாம்பல் நிறம். மரப்பிடி வறண்டு கீறல் விழுந்திருக்கு. பெருவிரல் பதிகிற இடம் மட்டும் தேய்ந்து குழிந்து கிடக்கு. என் விரலை வைத்தேன். அளவெடுத்துச் செய்தது போல.

ஊரில் நான் கண்ட துவக்கெல்லாம் வாயைத்தான் எனக்குக் காட்டினது. கிழவர் பிடிப் பக்கத்தை நீட்டினார். "மகள் வீட்டுக்குப் போகேக்க உனக்குத் தந்திட்டுப் போறன்" என்றார்.

மார்ச் 5
மனுசி கண்டுபிடித்துவிட்டாள். கண்ணால் அல்ல, மூக்கால்.

"கையில என்ன மணம்?"
"ஜோக்கிமின்ர ஸ்கூட்டரத் திருத்தினனான்."
"புளுகாதேங்கோ. இது துவக்கு எண்ணெய்."

ஊரில் சுற்றிவளைப்பு நேரம் வீட்டுக்குள் வந்த ஆமிக்காரன் துவக்கை இவளுடைய குசினி மேசையில் வைத்துவிட்டுத்தான் அலுமாரியைக் கிளறினானாம். பிறகு எத்தனை தரம் கழுவியும் அந்த மேசையில் இவள் சாப்பிடவில்லையாம். இவ்வளவு காலம் குடும்பம் நடத்துகிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது.

"அது உள்ள வந்தால் நான் வெளியில" என்றாள். ஞானாம்பிகை சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 10, ஞாயிறு
பக்கத்து வீட்டு எங்கட ஊர்ப் பெடியன் ஜோக்கிமிடம் சொன்னேன், அது ஒரு சிசிலி இளவரசனுடையது, அவன் அதால் ஏழு சிங்கம் சுட்டவன் என்று.
"சிசிலியில சிங்கமே அண்ணை?"
"அதாலதான் இப்ப ஒண்டும் இல்லை."
அவன் யோசித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

மார்ச் 12
இன்றும் கிழவர் நித்திரையானதும் எடுத்துப் பார்த்தேன். உருளையைச் சுற்றினால் டிக் டிக் என்கிறது. அதுக்குள் குண்டு போட்டே எத்தனை காலமோ. சுடுகிற ஆசை எனக்குத் துளியும் இல்லை. பிறகு என்ன ஆசை, சோதி? வைத்திருக்கிற ஆசை. அவ்வளவுதான். இதை மனுசிக்கு எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 2, செவ்வாய்
கிழவரை மகள் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறா. நேற்று சாமான் கட்டும்போது சொக்ஸை என் கையில் தந்தார். மகள் சிஞ்ஞோரா அதைக் கண்டா. முகம் மாறிச்சு. வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னா: "முதல்ல டெனுன்சியா செய்யவேணும், சோதி."

டெனுன்சியா. எனக்குத் தெரிந்த டெனுன்சியா ஒன்றே ஒன்று. ரயில் ஸ்தாசியோனேயடியில் ஜோக்கிமின்ர ஸ்கூட்டர் களவு போனபோது பொலிசில் எழுதினோமே, அது. அதில் எழுதுகிறது கள்ளனின் பெயரை.

அப்ப நான் கள்ளனோ? இத்தனை வருசம் அந்த மனிசனைத் தூக்கி இருத்தினவன் கள்ளனோ? இங்க இருக்கிற அனுமதி, பெர்மெசோ, புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. இந்த நேரம் பொலிசில் பேர் விழுந்தால் என்ன செய்யிறது? சாப்பிட மனமில்லை.

ஏப்ரல் 3
மனுசி ஒரே கேள்வியில் கறந்துவிட்டாள். ஏசுவாள் என்று தலையைக் குனிந்தேன். செருப்பைப் போட்டாள்.

"எழும்புங்கோ."
"எங்கை?"
"அவவிட்டதான். உங்களுக்குப் புளுகத் தெரியும். களவெடுக்கத் தெரியாது."

பஸ் ஏறிப் போனோம். சிஞ்ஞோரா கதவைத் திறந்ததும், இருபது வருசம் மாடிப்படி கழுவிப் பழகின இத்தாலியனில், "மியோ மரீத்தோ புஜார்தோ சி, லாத்ரோ நோ" என்றாள். என் மனிசன் புளுகன், ஓம். கள்ளன், இல்லை.

சிஞ்ஞோரா திகைத்துப்போய் நின்றா. உள்ளே கட்டிலில் கிழவர் சிரித்து, இருமி, நான் ஓடிப்போய் முதுகு தடவவேண்டியதாய்ப் போச்சு. பிறகு சிஞ்ஞோராதான் விளக்கினா: துவக்கு ஒன்று கைமாறினால், இது இன்னாரிடம் இருக்கு என்று பொலிசுக்குத் தெரிவிக்கிறதுக்கும் அதே பெயராம். டெனுன்சியா. கள்ளனுக்கும் அதுதான், சொந்தக்காரனுக்கும் அதுதான். இது என்ன பாசையப்பா.

திரும்பி வரும்போது மனுசி சொன்னாள்: "கள்ளன் இல்லையெண்டு சொல்லத்தான் வந்தனான். துவக்குக்கு ஓம் சொல்ல இல்லை."

ஏப்ரல் 23
குவெஸ்தூரா, பொலிஸ் தலைமையகம். ஏன் இவள் கூட வந்தாளோ தெரியாது. வந்தாள்.

குழாயை அடைத்து, சுடவே முடியாத பொருளாக்கினால் கொண்டுபோகலாம் என்றார் அதிகாரி. பிறகு கேட்டார்: "உமக்கு இது என்னத்துக்கு?"

இளவரசன், சிங்கம் எல்லாம் வாய்வரை வந்து நின்றது. என் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள்.

"பிடிப் பக்கத்தை எனக்கு நீட்டின முதல் துவக்கு இதுதான்" என்றேன்.

அவருக்கு விளங்கியதோ தெரியாது. முத்திரை குத்தினார். மனுசி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மே 28
துவக்குத் திருத்துகிறவர் குழாயை அடைத்துத் தந்தார். போகிற வழிக்கென்று நல்லாய் எண்ணெயும் பூசிவிட்டார், பாவி. மனுசி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.
"பல்கனியில வையுங்கோ."
பிஸ்கற் பேணிக்குள் வைத்து மூடினேன். உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே, சிசிலியின் கடைசி ஆயுதக் கிடங்கு.

ஜூன் 2
பேணியைத் திறக்கவில்லை. திறந்தால் மணம் வரும்.

ஜூன் 9, ஞாயிறு
கிழவரைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்தேன். பல்கனியில் பேணி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

உள்ளே, ரீவிக்குப் பக்கத்தில், பழைய துவாய்த் துண்டின்மேல் கிடக்கு. பிடி என் கதிரைப் பக்கம் பார்த்தபடி. மரத்தின் கீறல்கள் ஊறிக் கறுத்து மினுங்குது. எடுத்து மணந்தேன்.

தேங்காயெண்ணெய்.

குசினியில் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "சாப்பாட்டுக்கு முதல் கையைக் கழுவுங்கோ" என்றாள். கழுவவில்லை.